பட்டறைத் தபால்: நாலா பக்கமும் ஓடும் சக்கரம்

இந்த மாதத் தபாலில், வண்டி திரும்பாமலே பக்கவாட்டிலும் ஓட உதவும் ஒம்னி, மெக்கானம் என்கிற ரோபோ சக்கரங்கள் பற்றிய கேள்விகளே அதிகம். போட்டிக் காலம் நெருங்குகிறது போலிருக்கிறது. ஒரு கடிதத்துக்கு நீளமாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்தில் பிள்ளைகள் எல்லா விவரமும் கொடுத்திருப்பதால் கணக்குப் போட்டே பேச முடிந்தது. கேள்வி அனுப்புகிறவர்கள் இப்படி அளவோடு எழுதினால் எனக்கும் வேலை சுலபம்.

கேள்வி: வணக்கம் ஐயா. மன்னார்குடி பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். திருச்சியில் நடக்கும் கல்லூரிப் போட்டிக்கு எங்கள் அணி ரோபோ செய்கிறது. மைதானம் நான்கு மீட்டர் சதுரம், பெயின்ட் அடித்த பிளைவுட். 20 செ.மீ. விட்டமுள்ள பந்துகளை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். எதிரணி ரோபோவும் அதே மைதானத்தில் ஓடும். வேண்டுமென்று மோதினால் புள்ளி குறைப்பார்கள். ரோபோ 60 செ.மீ. சதுரத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் எடை 12 கிலோ வரும். முன்பக்கம் இரண்டு விரல் கிரிப்பர் வைத்துப் பந்தைத் தூக்குகிறோம். 300 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 300 சுற்று), 10 கிலோ-செ.மீ. முறுக்கு விசை உள்ள மோட்டார் நான்கு, 10 செ.மீ. சக்கரம் என்று முடிவு செய்திருக்கிறோம். மோட்டார் இன்னும் வாங்கவில்லை. சீனியர்கள் மெக்கானம் சக்கரம்தான் போட வேண்டும் என்கிறார்கள். அணியில் ஒருவன் மூன்று ஒம்னி சக்கரம் போதும் என்கிறான். நான்கு ஒம்னி போடலாமா என்பது என் யோசனை. எது சரி?

பதில்: உங்கள் யோசனைதான் சரி அம்மா. நான்கு ஒம்னி சக்கரத்தை நான்கு மூலையில், மூலைக்குக் குறுக்காக 45 டிகிரி திருப்பி வையுங்கள். எக்ஸ் டிரைவ் என்று சொல்வது இதைத்தான். ஆனால் மோட்டாரை மாற்றுங்கள். ஏன் என்பதை விவரமாகச் சொல்கிறேன். அடுத்த வருடம் விளையாட்டு மாறும், அப்போது இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒம்னி சக்கரத்தின் விளிம்பில் சிறு ரோலர்கள், சக்கரம் உருளும் திசைக்குக் குறுக்காக உருளும்படி இருக்கும். சக்கரம் முன்னால் தள்ளும், பக்கவாட்டில் தடுக்காமல் வழுக்கிக்கொடுக்கும். அமெரிக்காவில் 1919லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். மெக்கானத்தில் ரோலர்கள் 45 டிகிரி சாய்வாக இருக்கும். அதை 1970களின் தொடக்கத்தில் செய்தவர் பெங்ட் இலான் என்கிற ஸ்வீடன் பொறியாளர். அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரே சக்கரத்துக்கு நிலைத்துவிட்டது. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: பக்கவாட்டில் ஓடும் வசதிக்குப் பதிலாகப் பிடிமானத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை உங்கள் மைதானமும் விதியும்தான் தீர்மானிக்க வேண்டும், சீனியர்கள் இல்லை.

இப்போது கணக்கு. 10 செ.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு வினாடிக்கு 1.57 மீட்டர் ஓடும். சாதாரண நான்கு சக்கர வண்டியாக இருந்தால் உங்கள் வேகம் அதுதான். மெக்கானத்திலும் முன்னால் போகும்போது அதே 1.57. பக்கவாட்டில் கணக்குப்படி அதே வேகம் வர வேண்டும், நடைமுறையில் ரோலர் உராய்வு கொஞ்சம் தின்றுவிடும். எக்ஸ் டிரைவில் சக்கரங்கள் கோணமாகத் திரும்பி நிற்பதால், நான்கும் சேர்ந்து முன்னால் தள்ளும்போது வண்டி சக்கரத்தைவிட வேகமாகப் போகும். 1.57 ஐ 1.41 ஆல் பெருக்குங்கள், 2.2 மீட்டர் வரும். முன்னால், பின்னால், இடம், வலம் எல்லாவற்றுக்கும் அதே வேகம். மூலைவாட்டில் மட்டும் இரண்டு சக்கரம்தான் தள்ளும். அங்கே பழைய 1.57தான்.

வேகம் சும்மா வராது. தள்ளு விசை அந்த அளவுக்குக் குறையும். 10 கிலோ-செ.மீ. மோட்டார் 5 செ.மீ. ஆரத்தில் 2 கிலோ தள்ளும். நான்கு சேர்ந்தால் சாதாரண வண்டியில் 8 கிலோ, எக்ஸ் டிரைவில் 5.6 கிலோ. இது மோட்டார் நின்றுபோகும் நிலையில் உள்ள விசை. ஓட்டத்தில் இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம்பாதீர்கள். நம்பினால் மோட்டார் சூடாகி, அதற்குக் கரண்ட் கொடுக்கும் மோட்டார் டிரைவர் கார்டும் கூடப் போகும். மூன்றில் ஒரு பங்கு என்றால் 1.9 கிலோ. 12 கிலோ வண்டியை அது தள்ளி 2.2 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு மேல் ஆகிவிடும். அப்புறம் நிறுத்தவும் அதே அளவு இடம் வேண்டும். நான்கு மீட்டர் மைதானத்தில் உங்களால் அந்த முழு வேகத்தைப் பயன்படுத்தவே முடியாது. பந்துக்கு முன்னால் நிற்க நினைத்து, பந்தைத் தாண்டிப் போய் நிற்பீர்கள்.

அதனால் மோட்டாரை மாற்றச் சொல்கிறேன். அதே மோட்டாரில் கியர்பாக்ஸ் மட்டும் மாறி 200 ஆர்.பி.எம். வகை வாங்கினால் டார்க், அதாவது முறுக்கு விசை, சுமார் 15 கிலோ-செ.மீ. கிடைக்கும். சக்கரம் ஒவ்வொன்றும் 3 கிலோ தள்ளும். எக்ஸ் டிரைவில் மொத்தம் 8.5 கிலோ. வேகம் வினாடிக்கு 1.48 மீட்டர். அந்த 300 ஆர்.பி.எம். மோட்டாரைச் சாதாரண வண்டியில் போட்டால் வரும் 1.57 மீட்டர், 8 கிலோவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே வண்டி, ஆனால் நாலா பக்கமும் ஓடும். எக்ஸ் டிரைவுக்கு இழுவை இல்லை என்று சொல்கிறவர்கள் கியரை மாற்றாமல் சக்கரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தவர்கள். மோட்டார் கொடுக்கும் சக்தி ஒன்றுதான். அதை வேகமாக எடுப்பதா விசையாக எடுப்பதா என்பது கியர் விகிதத்தில் இருக்கிறது.

மூன்று ஒம்னி ஏன் வேண்டாம்? கெட்ட அமைப்பு இல்லை. கீழே ஒரு ஆசிரியருக்கு அதையே சொல்லியிருக்கிறேன். ஆனால் உங்கள் மோட்டாரில் மூன்று போட்டால் முன்னால் தள்ள நின்றநிலை விசை மூன்றரை கிலோதான். 12 கிலோ வண்டி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட அது போதாது. கிரிப்பர் நீளும்போது எடை முன்னால் சாயும். மூன்று சக்கர வண்டிக்குக் கவிழும் எல்லை சீக்கிரம் வந்துவிடும்.

மெக்கானம் எப்போது? சட்டத்தின் முன்பக்கம் முழுவதும் வாய் திறந்து, உருளும் பிரஷ் வைத்துப் பந்தை உள்ளே இழுக்கிற ரோபோ என்றால் நான் மெக்கானம்தான் சொல்லியிருப்பேன். எக்ஸ் டிரைவில் நான்கு மூலையும் சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் போய்விடும். மோட்டார் மூலையிலிருந்து நடுவை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் 60 செ.மீ. சட்டத்தில் முன்விளிம்பில் 35 செ.மீ. போல் இடம் இருக்கும், உள்ளே போகப் போக 20 செ.மீ. ஆகச் சுருங்கும். 20 செ.மீ. பந்து அங்கே சிக்கும். நீங்கள் பந்தை முன்விளிம்பிலேயே பிடித்து மேலே தூக்குவதால் இந்தத் தொந்தரவு இல்லை. பந்தை எங்கே பிடிக்கிறோம் என்று தெரியாமல் சக்கரம் வாங்காதீர்கள். இதை எல்லா அணிகளுக்கும் சொல்கிறேன்.

எக்ஸ் டிரைவில் இன்னொரு லாபம், நான்கு சக்கரமும் ஒரே சக்கரம். கூடுதலாக ஒன்று வாங்கி வைத்தால் எங்கே உடைந்தாலும் போடலாம். மெக்கானத்தில் இடது வகை, வலது வகை என்று இரண்டு உண்டு; இரண்டிலும் ஒவ்வொன்று கையில் இருக்க வேண்டும். போட்டி நாளில் ஒரு ரோலர் தெறித்துப் போய், கையில் இருக்கும் சக்கரம் எதிர்வகை என்றால் ஆட்டம் அதோடு போச்சு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: இரட்டை வரிசை ரோலர் உள்ள ஒம்னியாக வாங்குங்கள். ஒற்றை வரிசையில் ரோலருக்கு ரோலர் இடைவெளி இருக்கும், வண்டி தடதடவென்று போகும், கேமராவோ சென்சாரோ வைத்திருந்தால் அதுவும் ஆடும். ரோலர் மேல் ரப்பர் இருக்கிறதா பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் ரோலர் பெயின்ட் அடித்த பிளைவுட்டில் வழுக்கும். ரோலரை விரலால் சுண்டிவிட்டால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். நின்று நின்று சுற்றினால் பக்கவாட்டு ஓட்டம் முழுக்கப் பாழாகும்.

நாமே கடைந்துகொள்ளலாமா என்று கேட்பீர்கள். கும்பகோணத்திலும் துவாக்குடியிலும் நல்ல லேத்காரர்கள் இருக்கிறார்கள். நைலான் தடியில் ரோலர் கடைந்து தருவார்கள். ஆனால் ரோலரை நேர் உருளையாகக் கடையச் சொல்லிவிடாதீர்கள். நடுவில் பருத்து இரு முனையும் சரிந்து, மிருதங்கம் போல் இருக்க வேண்டும். அந்த வளைவின் ஆரம் சக்கரத்தின் வெளி ஆரத்துக்குச் சமமாக இருந்தால்தான் எல்லா ரோலரும் சேர்ந்து ஒரு முழு வட்டம் ஆகும். இதற்கு, அந்த வளைவின் வடிவிலேயே உள்ள ஃபார்ம் டூல் என்கிற வெட்டுக்கருவி ஒன்று தீட்டிக்கொண்டால் எல்லாம் ஒரே அச்சாக வரும். மேலே சிலிக்கான் டியூப் மாட்டிக்கொள்ளலாம். நேரம் இருந்தால் செய்து பாருங்கள், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வேலை கிடையாது. போட்டிக்கு இரண்டு மாதமே இருந்தால் கடைச் சக்கரம் வாங்குங்கள்.

சட்டம் கட்டும்போது நான்கு மோட்டார் பிராக்கெட்டும் சரியாக 45 டிகிரியில், நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று கோணினால் சக்கரங்கள் ஒன்றை ஒன்று எதிர்த்துத் தள்ளும், கரண்ட் வீணாகும். முதலில் பிளைவுட்டில் அச்சு வெட்டி வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் அலுமினியத்தில் துளை போடுங்கள். சக்கரத்தை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்கை மோட்டார் ஷாஃப்ட்டில் பிடிக்கும் சிறு திருகு வட்டமான ஷாஃப்ட்டில் நிற்காது. அரத்தால் ஒரு பக்கம் தட்டையாக ராவி, அந்தத் தட்டையில் திருகு உட்காரும்படி முடுக்குங்கள். திசை மாறி மாறி ஓடும் வண்டியில் முதலில் கழல்வது அந்தத் திருகுதான்.

ஓட்டும் பிள்ளைக்குப் பழக நாள் கொடுங்கள். வண்டி சுழன்றுவிட்டால் அதன் முன்பக்கம் எது என்று கை குழம்பும். வண்டி எவ்வளவு திரும்பியது என்று சொல்லும் ஒரு கைரோ சென்சார் வைத்து, வண்டி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் குச்சியை முன்னால் தள்ளினால் மைதானத்தின் முன்பக்கம் போகும்படி நிரல் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். பயிற்சிக்குக் கல்யாண மண்டபத்து மொசைக் தரை கிடைத்தாலும் வேண்டாம். இரண்டு பிளைவுட் பலகை வாங்கி, போட்டிக்காரர்கள் சொல்லும் அதே பெயின்ட் அடித்து அதன் மேல் ஓட்டுங்கள். தரை மாறினால் பிடிமானம் மாறும். கை பழகியதெல்லாம் வீண்.

கேள்வி: திருவாரூர் அருகே அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு பந்து உதைக்கும் சிறு ரோபோ செய்ய ஆசை. எடை ஒரு கிலோவுக்குள். மூன்று மோட்டார்தான் இருக்கிறது. முடியுமா?

பதில்: தாராளமாக முடியும் ஐயா. மூன்று ஒம்னி சக்கரம், ஒன்றுக்கொன்று 120 டிகிரி. கிவி டிரைவ் என்பார்கள். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கிற மாதிரி இதன் மூன்று சக்கரமும் எப்போதும் தரையைத் தொடும். ஸ்பிரிங், சஸ்பென்ஷன் எதுவும் தேவையில்லை. பேட்டரியைச் சரியாக நடுவில், முடிந்தவரை தாழ்வாக வையுங்கள்.

நிரல் எழுதுவதையும் பிள்ளைகளிடமே விடுங்கள். ஒவ்வொரு சக்கரமும் எந்தத் திசையில் உருளுகிறது என்று காகிதத்தில் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். போக வேண்டிய திசைக்கும் அந்த அம்புக்கும் உள்ள கோணத்தின் கொசைன் மதிப்புதான் அந்தச் சக்கரத்தின் வேகப் பங்கு. ஒரு சக்கரம் உருளும் திசையிலேயே வண்டி போக வேண்டும் என்றால் அதற்கு முழு வேகம், மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசையில் பாதி வேகம். சுழல வேண்டும் என்றால் மூன்றும் ஒரே பக்கம் சமமாகச் சுற்ற வேண்டும். கொசைன் இன்னும் பாடத்தில் வரவில்லை என்றால் கோணமானியும் அளவுகோலும் வைத்து வரைந்து அளக்கட்டும். பின்னால் பாடத்தில் முக்கோணவியல் வரும்போது அந்தப் பிள்ளைகளுக்கு அது பழகிய விஷயமாக இருக்கும்.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024ல் வியட்நாமில் நடந்த ஏபியு ரோபோகான் போட்டியின் விளையாட்டே அறுவடை நாள். ரோபோக்கள் நாற்று நட வேண்டும். நெல்லாக வைத்த பந்தையும் பதராக வைத்த பந்தையும் பிரித்தறிந்து, நெல்லை மட்டும் குதிரில் போட வேண்டும். பல நாட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் பதர் என்றால் என்ன என்று விதிப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள். உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது தூற்றுகிற இடத்தில் நின்று பார்த்த விஷயம். அந்தப் போட்டியின் காணொளிகளை வகுப்பில் போட்டுக் காட்டுங்கள் ஐயா. அவசியம் காட்டுங்கள்.

கேள்வி: கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன் சார். மெக்கானம் ரோபோ செய்துவிட்டோம். முன்னால் நேராகப் போகிறது. பக்கவாட்டில் ஓடச் சொன்னால் சுழன்றுகொண்டே கோணலாகப் போகிறது. நிரல் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: தம்பி, முதலில் நிரலை மூடி வைத்துவிட்டு வண்டியை மேலிருந்து பாருங்கள். நான்கு சக்கரத்தின் மேற்பக்க ரோலர்களும் நடுவை நோக்கிச் சாய்ந்து, பெருக்கல் குறி போலத் தெரிய வேண்டும். மாற்றி மாட்டியிருந்தால் பக்கவாட்டில் ஓடினாலும் ஓடும். ஆனால் நின்ற இடத்தில் சுழலச் சொன்னால் திணறும். உங்கள் வண்டி நன்றாகச் சுழல்கிறது என்றால் மாட்டியது சரி, அடுத்ததைப் பார்ப்போம்.

ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு காகிதத்தைச் சொருகி இழுத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் காகிதம் சுலபமாக வந்தால் அந்தச் சக்கரம் தரையில் சரியாக உட்காரவில்லை. விறைப்பான சட்டத்தில் நான்கு சக்கரம் என்றால் ஒன்று தூக்கிக்கொண்டு நிற்பது சகஜம். சாதாரண வண்டியில் அது தெரியாது. மெக்கானத்தில் ஒவ்வொரு சக்கரமும் மற்றொன்றின் கோணல் தள்ளலைச் சரிக்கட்டிக்கொண்டே ஓடுகிறது. ஒன்று வேலை செய்யாவிட்டால் வண்டி சுழலும். பின் இரண்டு சக்கரத்தையும் ஒரே பட்டையில் மாட்டி, அந்தப் பட்டையை நடுவில் ஒற்றை போல்ட்டில் அசையும்படி பிணைத்துவிடுங்கள். நான்கும் தரையில் உட்காரும்.

காகிதம் நான்கிலும் இறுக்கமாக இருந்தால் எடையைப் பாருங்கள். பேட்டரி ஒரு பக்கமாக இருக்கிறதா? அதை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ரோலர்களில் நூல், தலைமுடி, வைக்கோல் துணுக்கு சுற்றியிருக்கிறதா என்று இடுக்கியால் எடுத்துப் பாருங்கள். சம்பா அறுவடை நேரத்தில் நம் ஊரில் எந்தத் தரையிலும் வைக்கோல் தூசு இருக்கும், அது ரோலர் சுற்றும் அச்சு ஊசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய் ஊற்றாதீர்கள், தூசு இன்னும் ஒட்டும்.

இவ்வளவும் சரியான பிறகு கைரோ வைத்து, கோணல் வந்தால் நிரல் திருத்தும்படி செய்யுங்கள். இயந்திரத்தில் உள்ள குறையை முதலிலேயே நிரலால் மூடினால் பேட்டரி இறங்கும்போது அந்தக் குறை திரும்ப வெளியே வரும். தூரம் அளக்க, ஓடும் சக்கரத்தின் சுற்றை எண்ணும் என்கோடரை நம்ப வேண்டாம், மெக்கானம் வழுக்கும். மோட்டார் இல்லாத சிறு ஒம்னி சக்கரத்தில் என்கோடர் வைத்து, ஸ்பிரிங்கால் தரையோடு அழுத்தி விடுங்கள். நீளவாட்டில் ஒன்று, குறுக்கில் ஒன்று, கூடவே கைரோ. தூரக் கணக்கு தவறாமல் வரும்.

கேள்வி: பாபநாசம் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். பேரன் இந்த மெக்கானம் சக்கரத்தைக் காட்டினான். வரப்பு ஓரத்தில் திருப்ப இடமில்லாமல் கஷ்டப்படுகிறோமே, நடவு இயந்திரத்துக்கு இதைப் போட்டால் பக்கவாட்டில் நகர்த்திக்கொள்ளலாம் இல்லையா?

பதில்: நல்ல கேள்வி அண்ணே. ஆனால் சேற்றில் இது ஆகாது. ரோலர் தரையில் உருண்டால்தான் பக்கவாட்டு ஓட்டம். சேற்றில் ரோலர்களுக்கு நடுவே மண் அடைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அது வழவழப்பான ஒரு மண் உருண்டையாகிவிடும். சேறடிக்க டிராக்டருக்கு கேஜ் வீல் மாட்டுகிறோமே, அதன் பட்டைகள் சேற்றைக் கவ்வி நகர வேண்டும். இந்தச் சக்கரத்தின் வேலை அதற்கு நேர் எதிர். வரப்பு ஓரப் பிரச்சினைக்கு நான்கு சக்கரமும் திரும்புகிற ஸ்டியரிங் உள்ள இயந்திரம்தான் வழி.

பேரன் ஆசையாகக் கேட்டிருப்பான், அவனிடம் வேறொன்று சொல்லுங்கள். தொழிற்சாலைகளில் குறுகலான இடத்தில் சரக்கு நகர்த்த மெக்கானம் வைத்த ஃபோர்க்லிஃப்டும் தள்ளுமேடையும் இருக்கின்றன. சமமான சிமெண்ட் தரை இருந்தால் போதும். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையை அடுக்கு நடுவே தலையில் தூக்கிப் போகிறார்களே, அந்த இடத்துக்கு இது பொருந்தும். நாலைந்து மூட்டை ஏற்றிக்கொண்டு, திரும்பாமலே பக்கவாட்டில் நகர்ந்து அடுக்கோடு போய் நிற்கிற தாழ்வான மேடை. 200 கிலோ எடைக்கு ரோலர் ஊசிகள் எவ்வளவு தடிமன் வேண்டும், தூசு போகாமல் எப்படி மூடுவது என்று பேரனை யோசித்து எழுதச் சொல்லுங்கள். படம் போட்டு அனுப்பினால் அடுத்த இதழில் அதையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.